ஏர் படாத மண்

விவசாயப் பல்கலைக்கழக மாணவர் விடுதி
12.8.1985

அன்புள்ள அக்கா தீர்த்தம்மாளுக்கு,

முனிராஜ் வணங்கி எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். மாமாவும் உன் மாமியார் அத்தையும் சுகம்தானே? ராணி பள்ளிக்கூடம் போகிறாளா, இல்லை இன்னும் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறாளா? இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பது மாது மாமாதான் என்று தெரியும். அதனால் மாமாவுக்கு இங்கேயே ஒரு வணக்கம்.

"பிசிக்ஸ் படிச்சவனுக்கு வெவசாயப் பல்கலைக்கழகத்துல என்னடா வேலை, ஏர் ஓட்டறியா" என்று கேட்டிருந்தாய். ஏர் ஓட்டுகிறவர்கள் வேறே இருக்கிறார்கள். நான் மண்ணை அரைத்து, சலித்து, தண்ணீரில் கலக்கி, அடியில் தங்காமல் நாள் கணக்கில் மிதக்கிற துகளை மட்டும் பிரித்தெடுக்கிறேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். அப்படி நூறு, இருநூறு கூறுதான் அந்தத் துகளின் அளவு. அவ்வளவு சிறிதாகிவிட்டால் அதே மண்ணின் குணமே மாறிவிடுகிறது. தண்ணீரையும் உரத்தையும் பிடித்தால் விடுவதில்லை. ஏன் விடுவதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி.

இந்தப் பல்கலைக்கழகம் வெள்ளைக்காரன் காலத்தில் நாலு வயலும் ஒரு கொட்டகையுமாக ஆரம்பித்ததாம். பிறகு பள்ளி, பிறகு கல்லூரி, இப்போது இது. அந்தப் பழைய வயலில் ஒரு பாத்திக்கு எழுபது வருடத்துக்கு மேலாகப் பிடி எரு கூடப் போட்டதில்லை. வருடா வருடம் விதைத்து, விளைந்ததை நிறுத்து எழுதுகிறார்கள். மற்ற பாத்திகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

எனக்கும் அப்படி ஒரு ஒப்பு மண் வேண்டும். நம் பக்கத்துச் செம்மண். எரு, உரம், ஏர் எதுவும் படாததாக இருக்க வேண்டும். புல்லைச் செதுக்கிவிட்டு ஒரு ஜாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடு. நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டுத் தைத்து, எந்த இடம் என்று சீட்டு எழுதி உள்ளேயே வைத்துவிடு. உனக்கு இது பெரிய வேலையில்லை.

உன் தம்பி
முனிராஜ்


மேட்டுக் கொட்டாய், பாலக்கோடு
3.9.1985

அன்புத் தம்பி முனிராஜுக்கு அக்கா எழுதுவது,

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நீ விடுதிச் சோற்றைத் தின்று இளைத்திருப்பாய். ராணி பள்ளிக்கூடம் போகிறாள், தூணை விட்டுவிட்டாள்.

உனக்கு ஒரு சேதி. எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. தை கடைசியில் என்று நர்ஸ் சொல்கிறாள். அத்தை தினமும் என் வயிற்றைப் பார்த்து, "இது நிக்கற வாகே வேற, பையன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். பார்ப்போம். ராணி பிறந்தபோது அம்மா இருந்தாள், கம்பைநல்லூருக்கு வந்து பெற்றுக்கொண்டேன். அடுத்ததற்கு இந்த வீடுதான் என்று ஆகிவிட்டது. இதற்கும் இந்த வீடுதான். அந்தச் சமயத்தில் நீ வந்து கூட இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். வர முடியுமா என்று எழுது.

மண் கேட்டாயே, எங்கே போய்த் தேட? தக்காளிக் கொல்லையில் மூட்டை மூட்டையாக உரம் போகிறது. கரும்புக்குச் சர்க்கரை ஆலைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அத்தை சந்தைக்குப் போன அன்று மூன்று இடத்தில் எடுத்து மூன்று பை தைத்து வைத்தேன். சீட்டு உள்ளே இருக்கிறது. மாமா பார்சல் போட்டுவிட்டார்.

நீ எழுதியிருந்த அந்த எருப் போடாத பாத்தியை நினைத்தேன். ஒன்றும் கொடுக்காமல் விளைச்சலை மட்டும் நிறுத்துப் பார்க்கிறார்களா? நல்ல ஆட்கள்தான்.

உன் அக்கா
தீர்த்தம்மாள்

மாப்பிள்ளைக்கு மாது எழுதுவது. சுகம். பார்சலுக்கு ஆன செலவை எழுதவில்லை, நீ கேட்கவும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.


விடுதி
20.9.1985

அக்கா,

உன் சேதியைப் படித்துவிட்டு மெஸ்ஸில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நீ உடம்பைக் கவனித்துக்கொள். கீரை தின்னு. மாமாவும் அத்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மூன்று பையும் வந்தன. முதல் இரண்டு பரவாயில்லை. மூன்றாவது பை இருக்கிறதே, "புங்க மரத்து மூலை, ஏர் போனதே இல்லை" என்று சீட்டு வைத்திருந்தாயே, அது அற்புதம். கலக்கிவிட்டுப் பத்து நாள் ஆகியும் தெளியவில்லை. என் ஆராய்ச்சியே இனி அந்த மூலையை நம்பித்தான். அதில் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டு கொஞ்சம் கிடந்தது, சுண்ணாம்புச் சுக்கான் கல்லாக இருக்கும். பொறுக்கித் தனியாக வைத்திருக்கிறேன்.

பிரசவத்துக்கு வருவதைப் பற்றி இப்போது என்ன சொல்ல? தையில் எனக்குக் கருத்தரங்கு இருக்கிறது. போன தடவை பிள்ளைக்குச் சன்னி கண்டது நம் தலையெழுத்து, அதையே நினைத்துப் பயப்படாதே. இந்த முறை ஊசியெல்லாம் சரியாகப் போட்டுக்கொள், போதும்.

அன்புடன்
முனிராஜ்


மேட்டுக் கொட்டாய்
14.10.1985

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது, மிட்டாய்க் கதையும் படித்தோம். நீ சுகமாயிருப்பது சந்தோஷம். எனக்குக் கால் வீங்குகிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

அந்த மூலையைத் தோண்டியது அத்தைக்குத் தெரிந்துவிட்டது. உன் கடிதத்தை மாமா சத்தமாகப் படித்ததில்தான் தெரிந்தது. "ஏர் போவாத எடத்துக்குக் கடப்பாரை எதுக்கும்மா போச்சு" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு போய்க் குழியைக் கையாலேயே மூடிவிட்டு வந்தார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. திட்டாத அத்தையை நான் இப்போதுதான் பார்க்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த வெள்ளைத் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதே. சுத்தமான டப்பாவில் வை. மூடி போட்டு வை.

கருத்தரங்கு எந்தத் தேதி?

உன் அக்கா

மாப்பிள்ளை, அந்த மூன்றாவது பை மண் வேண்டாம். அதை அங்கேயே எங்காவது மரத்தடியில் கொட்டிவிடவும். கரட்டிலிருந்து நல்ல மண்ணாக ஒரு மூட்டை நானே எடுத்து அனுப்புகிறேன். மறக்காமல் கொட்டிவிடவும். மாது.


விடுதி
6.11.1985

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அதற்கு மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது, எழுதிவிடுகிறேன்.

மாமா சொன்னபடி கொட்டியிருந்தால் மூன்று வாரமாவது மிஞ்சியிருக்கும். அந்த வெள்ளைத் துண்டு சுக்கான் கல் இல்லை. சுக்கான் என்றால் திராவகம் பட்டதும் பொங்க வேண்டும், இது ஒன்றிரண்டு குமிழி விட்டதோடு சரி. அரைத்து எக்ஸ்ரே மிஷினில் வைத்தேன். பேனா முள் தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். பாறையிலிருந்து வந்த பெரிய படிகம் என்றால் கோடு ஊசி மாதிரி உயரும். இது அகலமாக, மழுங்கிப் போய், கரட்டு மேடு மாதிரி வந்தது. அப்படி வந்தால் படிகம் இருபது முப்பது நானோமீட்டர்தான் என்று அர்த்தம். நான் ஏதோ புதுப் பாஸ்பேட் படிவமே நம் ஊரில் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்துக்கொண்டு புரொபசரிடம் தாளைக் கொண்டுபோனேன்.

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எலும்பு தம்பி இது. இவ்வளவு நுண்ணியதாப் பாறை பண்ணாது, உடம்புதான் பண்ணும். எருப் போடாத மண்ணுன்னு சொன்னியே, யாரோ எலும்பு உரம் போட்டிருக்காங்க" என்றார். ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் என்னவென்று எழுதினேன்? ஒன்றும் போடாத மண் வேண்டும் என்றுதானே? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுத வேண்டியதுதானே? பொய்ச் சீட்டு எதற்கு?

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

முனிராஜ்


29.11.1985

முனிராஜுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மாமா பார்க்கவில்லை. ஊசி போட வந்த இடத்தில் நர்ஸிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். அவளே தபாலில் போடுவாள்.

நான் பொய்ச் சீட்டு வைக்கவில்லை. எலும்பு உரம் எங்கள் வீட்டில் வாங்கினதே கிடையாது. அந்த மூலைக்கு ஏர் போனதில்லை, எரு போனதில்லை. நீ கேட்டதை அப்படியேதான் அனுப்பினேன்.

போன பிரசவத்தில் பிள்ளைக்குச் சன்னி என்று உனக்கு எழுதியது மாமா. அவளுக்குச் சன்னி வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் நன்றாகப் பால் குடித்தாள். நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, "பால் பொரையேறிடுச்சும்மா" என்று அத்தை சொன்னார்கள். மாமா கடப்பாரையோடு புங்க மரத்துப் பக்கம் நின்றிருந்தார். பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். அப்புறம் எத்தனை நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது தெரியுமா? உனக்கு எழுத முடியவில்லை. எழுதினால் மாமா படிப்பார். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நீ மண் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியதோ, அந்த மூலையிலிருந்து எடுத்தேன். என் தம்பி படித்தவன், மிஷின் வைத்திருக்கிறான், அவனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நீ என்னவோ என்னைத் திட்டி எழுதுகிறாய்.

இதுவும் பெண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தைக்கு முன்னால் வா. கருத்தரங்கு இருந்தால் இருக்கட்டும்.

தீர்த்தம்மாள்


விடுதி
20.12.1985

(நர்ஸ் மூலமாக)

அக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. தினமும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

இரண்டு வருடம் முன்னால் மாமா கடிதம் வந்தபோது எனக்குப் பரீட்சை. "வருந்துகிறேன், மனதைத் தேற்றிக்கொள்" என்று கார்டில் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுப் படிக்கப் போனேன். அவளை நான் பார்க்கவே இல்லை. இப்போது அவளை உரலில் போட்டு அரைத்தது நான், அக்கா. திராவகம் ஊற்றிப் பொங்குகிறாளா என்று பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் தடவி மிஷினில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். அந்த மிஷின் ஓடும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். இப்போதெல்லாம் அந்த அறைக்கு நான் போவதில்லை. விடுதியில் படுத்திருந்தாலும் கேட்கிறது.

பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுகிறேன். மாமாவுக்கும் இன்று தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உன்னிடம் கோபப்பட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவனா கண்டுபுடிச்சான்" என்று சொல்லிவிடு. உனக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும். என்னை மன்னித்துவிடு.

முனிராஜ்


விடுதி
20.12.1985

மாது மாமாவுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தையும் ராணியும் நலம் என்று நம்புகிறேன்.

புங்க மரத்து மூலை மண்ணை நான் கொட்டவில்லை. அதிலிருந்த துண்டுகள் எலும்பு என்று மிஷின் காட்டிவிட்டது. கால்நடை மருத்துவம் படித்த ஒருவரிடமும் காட்டினேன். ஆடும் இல்லை, நாயும் இல்லை என்றார். ஏதோ பழைய இடுகாட்டு மண் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். யார் நிலம் என்று இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

மிச்ச மண்ணும் துண்டுகளும் ஒரு கண்ணாடிப் புட்டியில், முத்திரை வைத்து, எண் போட்டு, ஆய்வகப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. பிறக்கிற பிள்ளை எதுவானாலும், அதற்குச் சன்னி வந்தாலும் சரி, பால் புரையேறினாலும் சரி, அந்தப் புட்டியை நானே காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். உங்களிடம் நான் இப்படி எழுத வேண்டி வந்ததே என்று இருக்கிறது.

அக்காவை எதுவும் கேட்க வேண்டாம். பொங்கலுக்கு முன் வருகிறேன்.

முனிராஜ்


மேட்டுக் கொட்டாய்
5.1.1986

மாப்பிள்ளை முனிராஜுக்கு மாது எழுதிக்கொண்டது,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் அக்காவுக்கு நாள் தள்ளிப் போகாமல் முன்னாலேயே வலி எடுத்து, இரண்டாம் தேதி பிரசவம் ஆனது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். எடை கொஞ்சம் குறைவு என்று நர்ஸ் சொன்னாள்.

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் மடித்துப் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்வார்கள் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டார்கள். திரும்பப் படிக்கச் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் ஒன்று, எனக்குப் பின்னால் ஒன்று. அதை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியது கிடையாது. அந்த மூலைக்கு ஏர் போகாது, அவ்வளவுதான். எங்கள் அப்பா ஏரைத் திருப்புகிற மாதிரி நானும் திருப்பிக்கொண்டு வந்தேன். போன முறை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அம்மா எழுதச் சொன்னதை எழுதுகிறேன். "அந்த மிஷினுக்கு எது யாரோட புள்ளன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியுமான்னு கேளு. என்னோடது ரெண்டு, இவளோடது ஒண்ணு. ஒரே எடம்தான், தள்ளித் தள்ளிதான் வெச்சேன். அவன் கையில இருக்கறது யாருன்னு கேளு. எதா இருந்தாலும் புட்டியில இருக்க வேணாம், கொண்டாந்துடச் சொல்லு." இப்படிச் சொன்னார்கள். போலீஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நீ சீக்கிரம் வா.

மாது


விடுதி
10.1.1986

மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் இன்றுதான் வந்தது. பெண் என்று படித்தேன். இரண்டாம் தேதி பிறந்தவளுக்கு இன்று ஒன்பதாம் நாள். கணக்குப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கிளம்புகிறேன். பஸ் கிடைக்கிற வழியில் வருவேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்தாலும் வந்துவிடுவேன்.

அத்தை கேட்டதற்குப் பதில்: பிரித்துச் சொல்ல அந்த மிஷினுக்குத் தெரியாது. அவ்வளவு சிறிதான பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். புட்டியைக் கொண்டுவருகிறேன். ஆனால் அரைத்ததும் திராவகத்தில் போட்டதும் திரும்ப வராது, அதை அத்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முனிராஜ்


மேட்டுக் கொட்டாய்
11.1.1986

அன்புள்ள தம்பிக்கு,

நீ எங்கே இருக்கிறாய், ஏன் இன்னும் வரவில்லை என்று தெரியாமல் எழுதுகிறேன். நான் சுகம். குழந்தை சுகம். இன்று அவளுக்குப் பத்தாம் நாள். இதை எழுதும்போது என் மடியில் இருக்கிறாள், பால் குடிக்கிறாள், அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். நான் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. வாய்க்கால் பக்கம்கூடப் போகவில்லை, அறைக்குள்ளேயே சட்டி வைத்துக்கொண்டேன். ராணியைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். மாமா கொல்லைக்குப் போகாமல் களத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அத்தை காலையில் வெந்நீர் வைத்து, கதவு வரைக்கும் கொண்டுவந்தார்கள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் அண்டாவை வைத்துவிட்டுக் குழந்தையை எட்டிப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "மூக்கு மாதுவோட மூக்கு" என்றார்கள்.

நான் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டார்கள். முந்தானையில் இரண்டு கையையும் சுற்றி முடிந்துகொண்டார்கள்.

"நீ கதவைத் தாப்பாள் போட்டுக்கம்மா" என்றார்கள். "நான் வெளிய உக்காந்துக்கறேன். யாரு கூப்புட்டாலும் தெறக்காத. நான் கூப்புட்டாலும் தெறக்காத. அழுது கூப்புடுவேன், தெறந்துடாத. என்னை நம்பாத."

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். மத்தியானம் ஒருமுறை, "தீர்த்தம்மா, கொஞ்சம் தெறயேன், ஒரு தடவை தூக்கிட்டுக் குடுத்துடறேன்" என்று கூப்பிட்டார்கள். சாயங்காலமும் கூப்பிட்டார்கள். அழுதார்கள். நான் திறக்கவில்லை.

நீ வந்ததும் ராணியையும் இவளையும் தூக்கிக்கொண்டு உன்னோடு கிளம்பிவிடுவேன். மாமாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். அதுவரைக்கும் இப்படியே இருக்கிறேன். அத்தை இன்றைக்கும் காலையிலிருந்து கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உன் அக்கா
தீர்த்தம்மாள்